குழலை மாற்றிய ஏழு மாதங்கள்

“1976 மார்ச் 9, செவ்வாய். காலையில் முகம் மழிக்கும்போது பார்த்தது. இடது கீழுதட்டின் உட்புறம், வாயோரத்தில், வெள்ளைத் தடம். உளுந்து அளவு. வலி இல்லை. துடைத்தால் போகவில்லை. குழலை மாற்ற வேண்டும்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு உள்ளது இவ்வளவுதான். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் எழுதவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. புதுத் துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டிய நேரம், மூட்டை இறங்கத் தொடங்கிய நேரம், மழையால் நின்ற நேரம், எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊரில் கல்லறைக் கல், கோயில் கல்வெட்டு, பழைய பங்களாக்களின் முகப்பில் செதுக்கிய ஆண்டு என்று எதைக் கண்டாலும் குறித்துவைப்பேன். ஒரு தகவலை இரண்டு இடத்தில் ஒத்துப்பார்க்காமல் மை தொட்டு எழுத மாட்டேன். அதுவரை பென்சில்தான்.

புகை குடிக்கும் பைப் எனக்குக் கிடைத்தது 1975 ஆகஸ்டில். கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்றின் இரண்டாம் அதிகாரி, ஊருக்குக் கொண்டுபோக ஒரு பெரிய சங்கு வேண்டும் என்று கேட்டார். சங்கு குளிக்கும் ஆட்களிடம் சொல்லி, நன்றாகத் தேய்த்த சங்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் அட்டைப்பெட்டியில் வைத்து இரண்டு பைப்புகள் தந்தார். இரண்டும் மக்காச்சோளக் கட்டையில் செய்தவை. மணி உதிர்த்த கதிரை உலர்த்தி, நடுவில் குடைந்து, வெளியே சுண்ணாம்பு போல எதையோ பூசி வழவழப்பாக்கியிருந்தார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு மரக்கழுத்து. கழுத்தில் செருகிய மஞ்சள் பிளாஸ்டிக் குழல், அதைத்தான் வாயில் வைக்க வேண்டும். 

இறக்குகூலி மேஸ்திரி விளாத்திகுளத்துக்காரர். முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

“ஏன் அண்ணாச்சி, எங்க ஊருல மாடே திங்காத கட்டைய நீங்க வாயில வச்சிருக்கீய?”

“அமெரிக்கக் கட்டை, மேஸ்திரி.”

“கோதுமையத்தான் அனுப்புதான்னு நெனச்சேன். கட்டையையும் நம்ம தலையிலதான் கட்டுதானா?”

சுற்றி இருந்த கூலியாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிகரெட்டை விட இது மெதுவாக எரிந்தது; மூட்டை எண்ணும்போது கையில் பிடிக்க வேண்டியதில்லை; பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டே எழுதலாம். சோளக்கட்டை, புகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் நாளிலிருந்தே கசக்காது. குறை முழுவதும் குழலில்தான் இருந்தது. இரண்டரை அங்குலமே நீளம். துளை ஒடுக்கம். புகை சூடு ஆறாமல் நாக்கில் வந்து விழும். பிளாஸ்டிக் மென்மையானதால் பல் பதிந்து பதிந்து, ஜனவரியில் முதல் குழல் ஓட்டையாகிவிட்டது. ஓட்டையின் விளிம்பு உதட்டைக் கீறியது. இரண்டாவது பைப்பின் குழலும் அதே போக்கில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தேன்.

நகராட்சி நூலகத்தில், பூட்டிய அலமாரியில், ஒரு பழைய ஆங்கில மருத்துவ நூல் இருந்தது. மார்ச் 11 மாலை அதை வாங்கி, ஜன்னலோரம் நின்றபடியே படித்தேன். மண் சுங்கான் என்னும் களிமண் பைப் குடித்த பழங்காலத்து ஆட்களுக்குக் குழல் படும் இடத்தில் உதடு வெளுக்கும், பிறகு தடிக்கும், சிலருக்கு அது புற்றாகும் என்று போட்டிருந்தது. குட்டைக் குழலின் சூடும் உரசலும் காரணமாகலாம் என்று ஒரு வரி. அடுத்த வரி புகையிலையைக் குற்றம் சொன்னது. முதல் வரியைத் தாளில் எழுதிக்கொண்டேன். அடுத்ததைப் படித்தேன், எழுதவில்லை. 

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது பூட்டில் சாவி நுழையவில்லை. பார்த்தால் அது அலுவலக மேஜைச் சாவி. அன்று முதல் நாட்குறிப்பில் அந்த நோயின் பெயரை ‘பு’ என்று ஓர் எழுத்தில்தான் குறித்திருக்கிறேன்.

குழல் செய்யத் தெரிந்த ஆள் ஊரில் யாரும் கிடையாது. ஆனால் கடைத்தெருவில் ஒரு பேனாக்காரர் இருந்தார். ஒரு ஆள் கை நீட்டினால் இரு சுவரும் தட்டும் கடை. எபனைட் என்கிற கெட்டியான கறுப்பு ரப்பர்க் கம்பியைச் சின்னக் கடைசலில் கடைந்து மைப்பேனா செய்வார். ஏப்ரல் 3, சனிக்கிழமை, ஓட்டையான மஞ்சள் குழலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“பேனாவுக்கு மூடி செய்வேன், கழுத்து செய்வேன். இது என்ன அண்ணாச்சி, பீப்பி மாதிரி?”

விளக்கினேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய், துளை வழியாகத் தெருவைப் பார்த்தார்.

“சாமான நல்லாத்தான் செஞ்சிருக்கான், ஆனா துளை கோணல். ரெண்டு பக்கமும் போட்டு நடுவுல சேத்திருக்கான். சேர்ற எடத்துல தண்ணி நிக்குமே.”

நின்றது உண்மை. குடிக்கும்போது களகளவென்று சத்தம் கேட்கும். நான் சொல்லாமலே அவர் சொன்னதும் எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை வந்தது. வாயில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. சூடு தாங்கவில்லை, கொஞ்சம் நல்ல குழலாக வேண்டும் என்றேன்.

அவர் செய்த முதல் குழல் நாலு அங்குலம், நேரானது. கஷ்டம் எல்லாம் கழுத்துக்குள் செருகும் முளையில் இருந்தது. கப்பல் என்ஜினியர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய வெர்னியரால் அளந்து, மூன்று இடத்து அளவைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அளந்தது பைப் குடித்த மறுநிமிடம். மரம் அப்போது ஈரத்தில் உப்பியிருந்தது. என் கணக்கு ஒரு மயிரிழை தடித்துப்போயிற்று. வீட்டில் வைத்து அழுத்தியபோது ‘டக்’ என்று கழுத்து நெடுகப் பிளந்தது. ஒரு பைப் போயிற்று. மீதி ஒன்றுதான்.

இரண்டாம் முறையும் நாலு அங்குலம்தான், ஆனால் பேனாக்காரர் என் தாளைப் பார்க்கவில்லை. பைப்பை ஒரு வாரம் பற்றவைக்காமல் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார், செருகுவார், எடுப்பார். “தள்ளுனா போகணும், இழுத்தா வரணும், தொங்கவிட்டா விழக் கூடாது. இதுக்கு எதுக்கு வெர்னியர்?” கடைசியில் வாயில் வைக்கும் முனையைத் தட்டையாக்கி, பல்லுக்குப் பின்னால் தங்க ஒரு சின்ன வரம்பு வைத்து, பல்பொடியும் துணியும் போட்டுத் தேய்த்தார். கறுப்புக் கண்ணாடி போல இருந்தது. 

ஏப்ரல் 18 முதல் ஞாயிறுதோறும் தடத்தை அளந்தேன். மனைவி காலையில் கடைக்குப் போகும் நேரம். கதவைச் சாத்தி, சவரக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, உதட்டை வெளியே மடித்துப் பிடித்துக்கொண்டு, கவராயத்தின் இரு முனையையும் தடத்தின் இரு ஓரத்துக்கும் நேரே கொண்டுவருவேன். பிறகு அதை அளவுகோலில் வைத்துப் பார்ப்பேன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பட்டறைகளில் ஒரு நூல் என்பார்கள். தடம் அன்று ஒரு நூல். அடுத்த ஞாயிறு ஒரு நூல். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். ‘எபனைட் ஒத்துக்கொள்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பென்சிலால் எழுதாமல் மையால் எழுதியிருக்கிறேன்.

எத்தனையோ தகவலைச் சந்தேகப்படத் தெரிந்த நான் இதில் செய்த முட்டாள்தனத்தை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பைப்பை நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றாமல் இல்லை. நிறுத்தினால் குற்றம் குழலுடையதா புகையுடையதா என்று தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மற்றது எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் காலை ஏழு மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று என்று அளவு மாறாமல் குடித்தேன். காய்ச்சலாகக் கிடந்த நாளில், வேண்டாம் என்று உடம்பு சொன்னபோதும், கணக்குக் கெட்டுவிடும் என்று குடித்தேன். எனக்கு வந்த பயத்துக்கு, கணக்கு சுத்தமாக இருப்பது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது.

ஜூன் மாதம் குழலின் பளபளப்பு போய், பச்சையும் பழுப்புமாக ஆனது. ஜன்னல் வெயிலில் வைத்த வினை. வாயில் வைத்தால் தீக்குச்சி மருந்தை நக்கியது போல ஒரு கந்தகக் கசப்பு. விஷத்தை நானே கடைந்து வாங்கி வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நம்பினேன். பேனாக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். “பேனாவும் இப்படித்தான் ஆவும். தேச்சாப் போயிரும். இதுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“இன்னும் நீளமா வேணும் அண்ணாச்சி. ஏழு அங்குலம்,” என்றேன்.

“ஏழா? கன்னத்துல முட்டு குடுத்தாத்தான் நிக்கும்.”

“வளைச்சுத் தாங்க.”

ஏழு அங்குலக் குழலை வளைத்தது ஜூலை 17. துளை நசுங்காமலிருக்க உள்ளே கம்பி விட்டு, கடலை வறுக்கும் ஆளிடம் கேட்டு வாங்கிய சூட்டு மணலில் புதைத்தார். கந்தகம் நெடியடித்தது. எடுத்து, பாட்டிலின் தோளில் வைத்து மெல்ல அழுத்தி, ஈரத்துணியைப் போட்டார். அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து நின்றது. மாலையில் பற்றவைத்தேன். புகை, உண்மையிலேயே, குளிர்ந்து வந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 8, ஒரு நூல். ஆகஸ்ட் 29, ஒன்றேகால். செப்டம்பர் 19, ஒன்றேகால், ‘வெயில் சரியில்லை, அளவு சந்தேகம்’. அக்டோபர் 3, ஒன்றரை நூல். அந்தப் பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை. 

அக்டோபர் 9, சனிக்கிழமை, மறுபடியும் பேனாக்காரர் கடைக்குப் போனேன். முத்துச்சிலாபக் காலத்தில், அதாவது முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், கடலுக்கு அடியிலிருந்து எடுத்த கறுப்புப் பவளத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. குளிகாரர் ஒருவர் பேனாவுக்குப் பதிலாகக் கொடுத்தது. வாய்முனையை மட்டும் அதில் செய்தால் ரப்பர் உதட்டில் படாது அல்லவா என்பது என் அடுத்த யோசனை. பழைய மஞ்சள் குழலையும் இதுவரை செய்த குழல்களையும் சுருட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு. ஒவ்வொன்றின் மேல்புறத்திலும், எது மேல் எது கீழ் என்று மாறிவிடாமல் இருக்க, ஊசியால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். 

அவர் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வரிசையாக வைத்தார். பவளத்தை எங்கே ஒட்டுவது என்று பார்க்க வளைந்த குழலை எடுத்தவர், அதைக் கீழே வைத்து மஞ்சள் குழலை எடுத்தார். மறுபடி வளைந்ததை எடுத்தார்.

“எப்பத்திலேருந்து பக்கம் மாத்துனீய?”

“என்ன பக்கம்?”

“பல்லுத் தடத்தப் பாருங்க. மஞ்சள்ல இந்த ஓரம் ஆழமா இருக்கு, சாஞ்சு கெடக்கு. இடப்பக்கம் கவ்வுனது. இந்த நாலு அங்குலத்துலயும் இடப்பக்கம். இதுல பாருங்க, தடம் அப்படியே எதுத்தாப்புல சாயுது. இத நீங்க ஒரு நாளும் இடது பக்கம் வச்சதில்ல. சுத்தமா வலதுதான்.”

நான் மாற்றியதாக எனக்கு நினைவே இல்லை. குழலை வாங்கி வாயில் வைத்தேன். அது தானாக வலப்பக்கம் போய் உட்கார்ந்தது.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத் தெருச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. ஜூலை 17 முதல் இடது உதட்டில் குழலே படவில்லை. சூடும் இல்லை, உரசலும் இல்லை, ரப்பரும் இல்லை. இந்த மூன்று மாதத்தில்தான் தடம் அரை நூல் வளர்ந்திருக்கிறது. குழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பாட்டுக்கு வளர்கிறது.

“அண்ணாச்சி, தண்ணி குடிக்கீயளா?” என்று அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றைய குறிப்பு ஒரே வார்த்தை: ‘நிறுத்தினேன்.’

திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊரான நாசரேத்தில், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்தார். தூத்துக்குடியில் யாரிடம் போனாலும் மாலைக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் திருச்செந்தூர் போய்வருகிறேன், ஒரு நேர்ச்சை என்று சொல்லி, அக்டோபர் 12 செவ்வாய்க்கிழமை நாசரேத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வாயைத் திறக்கச் சொல்லி விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார். பேச்சில் அவசரமே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“எத்தனை நாளா இருக்கு?”

நான் நாட்குறிப்பை எடுத்து, அளவெல்லாம் எழுதிய பக்கங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“ஏழு மாசமா இத அளந்துக்கிட்டே இருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“பைப்பையும் குடிச்சிக்கிட்டு?”

“ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு...”

அவர் நாட்குறிப்பை மூடி என் கையில் கொடுத்தார். “எழுத்து நல்லா இருக்கு,” என்றார். பிறகு, இரண்டு இடத்தில் சதை எடுத்துச் சென்னைக்கு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. “ஓரந்தான் முக்கியம். கெட்டது இருந்தா ஓரத்துலதான் நகரும்.” மரத்துப்போக ஊசி போட்டபோதே நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரி இரண்டு முறை கடித்த சத்தம் கேட்டது. கண்ணாடிக் குப்பிகள் மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் இரண்டு முறை கேட்டது. திறந்து பார்த்தபோது இரண்டிலும் சீட்டு ஒட்டி, 1 என்றும் 2 என்றும் எழுதி, மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். 

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வீடு வந்தேன். மனைவி தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டினாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

“எல விபூதி எங்க?”

திருச்செந்தூர் போனவர் யாரும் பன்னீர் இலையில் மடித்த விபூதி இல்லாமல் வீடு திரும்புவதில்லை. அவ்வளவு யோசித்துப் பொய் சொன்னவனுக்கு அது நினைவு வரவில்லை.

“என்னங்க, வாயில என்ன? பஸ்சுல விழுந்துட்டீயளா? பேசுங்களேன்.”

பேச முடியவில்லை. நாட்குறிப்பை எடுத்து மார்ச் 9-ஐத் திறந்து அவளிடம் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றே படித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, “இந்த ‘பு’ங்கறது என்ன?” என்றாள். நான் உதட்டைத் தொட்டுக் காட்டியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏழு மாசம். பக்கத்துல படுத்துக் கெடக்கேன். எங்கிட்டச் சொல்லல. கவராயத்துக்கிட்டச் சொல்லியிருக்கீய.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பில் இருந்த குழம்பை இறக்கிவைத்துவிட்டு, எனக்குக் காரமில்லாமல் கஞ்சி வைத்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கஞ்சியின் சூட்டை விரல்விட்டுப் பார்க்காமல் ஒரு வேளையும் கொடுக்கவில்லை. 

முடிவு வர முப்பத்தேழு நாள் ஆயிற்று. நடுவில் தீபாவளி வந்து போனது. அந்த நாட்களில் மனிதர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தேன். வெற்றிலை போட்ட கூலியாள் கொட்டாவி விட்டால் உள்ளே வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று கண் தேடும். எச்சில் விழுங்குவதையே எண்ணத் தொடங்கினேன். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு இரண்டு முறை தப்பிற்று, மேஸ்திரிதான் சரிசெய்தார்.

“என்ன அண்ணாச்சி, பொகையக் காணும்? இஞ்சின் நின்னுபோச்சா?”

“விட்டுட்டேன்.”

“அந்தக் கட்டைய எங்கிட்டத் தந்திருந்தா மாட்டுக்காவது போட்டிருப்பேனே. அதுதான் திங்காதுல்லா...” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. அவர் கேலியை நிறுத்தியது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல எனக்குத் தோன்றி, இன்னும் பயமுறுத்தியது.

பேனாக்காரர் ஒரு நாள் சுருட்டு டப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்தார். மனைவி அவரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் டப்பாவைத் திறந்து, பவளமுனை வைத்த புதுக் குழலை எடுத்துக் காட்டினார். அந்தப் பவளத்தை நறுக்கியதில் மூன்று துண்டு உடைந்து நாலாவதுதான் துளை தாங்கியதாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். “நா பாட்டுக்கு என்னத்தையோ சொல்லிட்டேன் அண்ணாச்சி,” என்றார்.

“நீங்க சொன்னதாலதான் போனேன்,” என்றேன். அவர் அந்தக் குழலைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். 

நவம்பர் 18, வியாழக்கிழமை, டாக்டரம்மாவிடமிருந்து கார்டு வந்தது. ‘நேரில் வரவும்’ என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. சனிக்கிழமை நானும் மனைவியும் போனோம். பஸ்ஸில் அவள் என் கையை விடவே இல்லை. ஊரார் பார்க்கிறார்கள் என்று நான் இழுத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டரம்மா தாளை எடுத்து வாசித்து, தமிழில் சொன்னார். “தோல் தடிச்சிருக்கு. புத்து இல்ல.” மனைவி உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர் என் வாயைத் திறந்து, இடது கீழ்வரிசையில் விளிம்பு உடைந்த பல் ஒன்றைக் காட்டி, அதை அரம்போல ஒன்றால் தேய்த்துவிட்டார். அது உறுத்தியதால்தான் என்னை அறியாமல் குழலை வலப்பக்கம் மாற்றியிருப்பேன் என்றார். பல்லும் காரணம், புகையும் காரணம், எது எவ்வளவு என்று கேட்காதீர்கள் என்றார்.

நான் அதைக் கேட்கவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே ‘குப்பி எண் 1’ என்று தட்டச்சு செய்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமை.

“ரெண்டாவது குப்பி, அம்மா?”

அவர் உறையைக் கவிழ்த்துப் பார்த்தார். வேறு தாள் இல்லை. “ரெண்டையும் சேத்துப் பாத்திருப்பாங்க. கெட்டது இருந்தா எழுதாம இருக்க மாட்டாங்க.”

“ஒண்ணுங்கறது ஓரமா, நடுவா?”

விரல்களைக் கத்தரிபோல் பிடித்துப் பார்த்தார். “ஓரத்தைத்தான் முதல்ல எடுத்தேன்னு நெனைக்கேன்.” பிறகு, நேர்மையான மனுஷி, “நிச்சயமாச் சொல்ல முடியல,” என்றார். அங்கேயே ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டினேன். தடம் முக்கால் நூலாகி, அரை நூலில் நின்றது. மறைந்துபோகவில்லை. மறுபடி வெட்ட அவசியமில்லை என்றார். 1978-இல் அவர் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார்.

இதை எழுதுவது 1979-இல். ஆய்வுக்கூடத்துக்கு நானே ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினேன். தேதி, குப்பி எண், டாக்டரம்மா பெயர், என் பெயர், எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது. முகவரியும் எழுதி ஒட்டியாயிற்று. ஒரு கல்வெட்டில் ஓர் ஆண்டு சரியா என்று பார்க்க இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். தபால்பெட்டி எங்கள் தெருமுனையில் இருக்கிறது. கடிதம் என் மேஜையில் இருக்கிறது. மனைவி தூசி தட்டும்போதெல்லாம் அதைத் தூக்கிக் காட்டுவாள். “ஒண்ணு பெட்டியில போடுங்க. இல்ல அடுப்புல போடுங்க. இப்படி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீய.” போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். போடவில்லை.

ஆகவே நாட்குறிப்பில் பென்சிலால் உள்ளதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். முதல் குப்பியில் இருந்தது தடத்தின் ஓரமா நடுவா என்பது தெரியாது. இரண்டாவது குப்பியின் முடிவு வரவில்லை. இரண்டும் சரிபார்க்கப்படாதவை.